லேடீஸ் ரீலும் திரை மடிக்கிற நேரமும்

எங்க யூனிட்டுல அந்தப் படத்துக்கு 'லேடீஸ் ரீல்'னு பேரு. டப்பா மேல இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேர் ஒட்டியிருக்கும், அதை ஒருத்தரும் வாயால சொன்னதில்லை. கொசுவைப் பத்தின படத்துக்குக் கொசு ரீல், தடுப்பூசிப் படத்துக்கு ஊசி ரீல், வயசுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு மாதவிலக்கைப் பத்தி எடுத்துச் சொல்ற படத்துக்கு லேடீஸ் ரீல். பியூன் அந்த டப்பாவை ஸ்டோர் ரூம்லேர்ந்து எடுத்துட்டு வரும்போது மேல ஒரு துண்டைப் போட்டு மூடித்தான் எடுத்துட்டு வருவாரு. தகர டப்பாவுக்கு என்னய்யா வெக்கம்னு கேட்டா துண்டை இன்னும் இழுத்து மூடுவாரு.

நான் மெகருன்னிசா. சுகாதாரத் துறையோட படக்காட்சி வேன்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. தாம்பரத்துலேர்ந்து கோவளம் வரைக்கும் பொண்ணுங்க படிக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு விடாம அந்தப் படத்தைக் காட்டியிருக்கேன். இப்ப சிட்லபாக்கத்துல இருக்கேன். காலையில ஏரிக்கரையில ஒரு நடை, சுகர் மாத்திரை, அப்புறம் வாட்ஸ்அப்ல வர்ற மருத்துவக் குறிப்பை எல்லாம் நம்பாதீங்கடின்னு தங்கச்சிகளைத் திட்டுறது. பொழுது நல்லாவே போகுது.

போன மாசம் சங்கீதா வந்தா. நான் பார்த்த அதே வேலையை இப்ப பார்க்கிறவ, சுறுசுறுப்பான பொண்ணு. வேன் கிடையாது, ஒரு ஸ்கூட்டியும் ஒரு போனும்தான். அந்தப் போன்ல ஒரு கார்ட்டூன் படம் காட்டினா. பார்த்ததும் எனக்கு முதல்ல ஒரு சந்தோஷம்: ரத்தத்தை ரத்தக் கலர்லயே காட்டியிருந்தாங்க. டிவி விளம்பரத்துல நீலமா ஊத்துறானே, யாருக்குடா நீலமா வருது? எங்க படம் கறுப்பு வெள்ளை, அதுல எல்லாமே கறுப்பு மசி. இது எவ்வளவோ மேல்னு மனசாரச் சொன்னேன்.

"படம் நல்லாத்தான் மேடம் இருக்கு. ஆனா முடிஞ்சதும் 'டவுட் இருக்காம்மா?'ன்னு கேட்டா ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டேங்குறா. உங்க காலத்துல எல்லாம் பொண்ணுங்க கேள்வியாக் கேட்டுத் தள்ளுவாங்களாமே. அப்படி என்ன மேடம் செஞ்சீங்க?"

"திரையை மடிச்சோம்"னு சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியலை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

எங்க வீடு அப்போ பல்லாவரத்துல. அத்தாவுக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை. நான் பி.யூ.சி. முடிச்சு, சுகாதாரக் கல்வின்னு ஒரு பயிற்சி எடுத்து, உதவியாளரா வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியில சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் போர்டுல படம் வரையறது, கொசு மருந்து கலக்கறது. மீட்டர் கேஜ் ரயில்ல தாம்பரம் போய் இறங்கி, ஆபீஸ் போய் வேன்ல ஏறணும். என்ன வேலைன்னு அத்தா கேட்டப்போ "சுகாதாரப் படம் காட்டுறோம் அத்தா"ன்னு சொன்னேன். அது பொய்யில்லையே. அவருக்கும் அதுக்கு மேல கேட்கத் தோணலை.

வேன்ல மூணு பேர். ஆபீசர் கமலவேணி அம்மா, வேனையும் புரொஜக்டரையும் ஓட்டுற ஏகாம்பரம் அண்ணன், நான். படத்துல பேச்செல்லாம் இங்கிலீஷ். அதனால சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டு, திரைக்குப் பக்கத்துல நின்னு நான் தமிழ்ல சொல்லுவேன். கதை ரொம்பச் சின்னது. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு வெளிநாட்டுப் பொண்ணு. அவளுக்கு வயித்து வலி. நடுவுல உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு கோட்டுப் படமா வரும். அப்புறம் அவ ஓடிப் போய் அம்மா கிட்ட சொல்லுவா, அம்மா சிரிச்சுக்கிட்டே கட்டிப்பா. அந்தப் பொண்ணு வலது கையில பென்சிலை எடுத்து காலண்டர்ல ஒரு வட்டம் போடுவா. மறுநாள் பையை மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவா. அவ்வளவுதான் படம்.

ஆனா ஒரு சட்டம் இருந்தது. லேடீஸ் ரீல் ஓடும்போது ரூம்ல ஆம்பளை இருக்கக் கூடாது. புரொஜக்டர் ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆள் ஏகாம்பரம் அண்ணன், அவரோ ஆம்பளை. அதுக்கு எங்க ஆபீஸ் கண்டுபிடிச்ச வழியைக் கேளுங்க: அவர் பிலிமை மாட்டி, மோட்டாரைப் போட்டுட்டு, லேம்ப் எரியறதுக்கு முன்னாடி வெளியில போயிடணும். வராந்தாவுல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காரணும். லேம்ப் சுவிட்சைத் தட்டுறது மட்டும் என் வேலை. வேற எதையும் தொடக் கூடாது.

அப்படித்தான் தாம்பரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ஓட்டினோம். ஜன்னல்ல எல்லாம் கறுப்புப் போர்வை கட்டி, ரூம் நிறையப் பொண்ணுங்க. கோட்டுப் படம் வந்த நேரம் பாத்து பிலிம் மாட்டிக்கிச்சு. பிலிம் ஓடிட்டே இருக்கணும், நின்னா லேம்ப் சூட்டுல அந்தக் கட்டம் பொரிஞ்சிடும். திரையில கருப்பைப் படம் அப்படியே நின்னு, நடுவுல பழுப்பா ஒரு பொட்டு வந்து, அது கொப்புளிச்சுக்கிட்டே பெருசாச்சு. பொண்ணுங்க அத்தனை பேரும் அலறிட்டாங்க. உடம்புக்குள்ள இப்படித்தான் வெந்து போகுமோன்னு ஒருத்தி அழவே ஆரம்பிச்சுட்டா.

வெளியிலேர்ந்து ஏகாம்பரம் அண்ணன் கத்துறாரு. "இன்னாம்மா ஆச்சு? கருகுற நாத்தம் வருதே! உள்ள வரலாமா?"

"வராதீங்கண்ணா!"

"லேம்ப்பை அணைம்மா மொதல்ல!"

அணைச்சேன். கும்மிருட்டு. அந்த இருட்டுல ஆபீசரம்மாவோட குரல் மட்டும் வந்தது, கொஞ்சம்கூட உசத்தாம. "அழறது யாரு? எரிஞ்சது பிலிம்தான். உனக்கு ஒண்ணும் ஆகாது. ஜன்னலைத் திறங்க."

வேன்ல திரும்பி வரும்போது அவங்க ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்து, "நாளைலேர்ந்து மெகருக்கு மெஷின் சொல்லிக் கொடுங்க"ன்னாங்க. அவர், "பொம்பளைப் புள்ளைக்கு இதெல்லாம் கனம்மா"ன்னு இழுத்தாரு. "கனம் தூக்க நீங்க இருக்கீங்களே"ன்னு முடிச்சுட்டாங்க.

வேன் ஷெட்டுல கொசு ரீலை வச்சுத்தான் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு. பிலிமைப் பல் சக்கரத்துல மாட்டி, லென்ஸுக்குப் பின்னால நுழைச்சு, மேலயும் கீழயும் ஒரு வளையம் விடணும். வளையம் இறுக்கமாப் போனா படம் நடுங்கும், பிலிம் கிழியும். கிழிஞ்சா ரெண்டு முனையையும் நேரா வெட்டி, மேல் பூச்சைச் சுரண்டிட்டு, பசை தடவி ஒட்டி, ஊதி ஊதிக் காய வைக்கணும். சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டின கை எனக்கு, இதுக்கென்ன? பொரிஞ்சு போன கருப்பைக் கட்டத்தை நானேதான் வெட்டி ஒட்டினேன். அதுக்கப்புறம் அந்த இடத்துல படம் ஒரு குதி குதிச்சுட்டுப் போகும். அந்தக் குதிக்குள்ள போன விஷயத்தை நான் வாயால சொல்லி நிரப்பிடுவேன். ஏகாம்பரம் அண்ணன் வேன் ஓட்டுறதோட நிறுத்திக்கிட்டாரு. கடைசி வரைக்கும் லேடீஸ் ரீல்ல என்ன இருக்குன்னு அவர் பார்த்ததே இல்லை, கேட்டதும் இல்லை. "நமக்கெதுக்கும்மா பேஜாரு"ம்பாரு.

இனிமே ஆபீசரம்மாவைப் பத்திச் சொல்லணும். ஒல்லியா, உசரமா, கஞ்சி போட்ட காட்டன் புடவையில இருப்பாங்க. சிரிச்சுப் பார்த்ததா எனக்கு நினைவில்லை. பேச்சு எல்லாம் அளந்து அளந்து வரும். ஆனா அவங்க கிட்ட ஒரு வித்தை இருந்தது. படம் முடிஞ்சதும் சந்தேகம் இருக்கான்னு கேட்கவே மாட்டாங்க. நான் சேர்ந்த புதுசுல ஒரு தடவை நான் கேட்டுட்டேன். அப்புறம் தனியா கூப்பிட்டாங்க.

"கேட்டியே, எத்தனை கை தூக்குச்சு?"

"ஒண்ணும் இல்லைங்கம்மா."

"நாப்பது பேர் முன்னாடி எந்தப் பொண்ணு கை தூக்குவா? தூக்கினா அன்னைக்கு சாயங்காலமே அவ பேர் ஊர் பூரா போயிடும். வேலை கொடு. கை வேலையில இருந்தா வாய் தானாப் பேசும்."

அவங்க கொடுக்கிற வேலை திரை மடிக்கிறது. எங்க திரை நல்ல நீள அகலமான வெள்ளைத் துணி. நாலு மூலைக்கும் ஆள் வேணும். நாலு பொண்ணுங்களைக் கூப்பிடுவாங்க, இல்லேன்னா ரெண்டு பொண்ணுங்களோட நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துப்போம். புடவை மடிக்கிற மாதிரி எதிரும் புதிருமா நின்னு, மூலையோட மூலையைச் சேர்த்து, கிட்ட வந்து கொடுத்து, திரும்பப் பின்னால போகணும். சுருக்கம் விழுந்தா பிரிச்சு மறுபடியும் மடிக்கச் சொல்லுவாங்க. அவங்களே வேணும்னே சுருக்கம் விழ வைக்கிறாங்கன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அந்த நேரத்துல வரும் பாருங்க கேள்வி! துணிக்கு நடுவுலேர்ந்து, கிசுகிசுன்னு. அந்த நாள்ல குளிக்கலாமா? ஒரு மாசம் வந்து மறு மாசம் வரலைன்னா? ஊறுகாய் ஜாடியைத் தொட்டா கெட்டுப் போகுமா? பதில் சொல்றதுக்கு ரெண்டு கட்டளை. கேக்குறவ முகத்தைப் பார்க்கக் கூடாது, துணியைத்தான் பார்க்கணும். 'உனக்கா?'ன்னு திருப்பிக் கேட்கக் கூடாது. இந்த ரெண்டையும் நான் என் சர்வீஸ் பூரா காப்பாத்தினேன். கும்பகோணம் டிகிரி காப்பி போட்டுக் கொடுத்து உபசாரமாப் பேசினாலும் வராத கேள்வி, சுருங்கின துணியை நீவும்போது வரும்.

கோவளத்துக்கு நாங்க போனது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துல படம் முடிஞ்சு, திரை மடிக்க ரெண்டு பேரைக் கூப்பிட்டோம். எனக்கு எதிர் மூலையில பிலோமினான்னு ஒரு பொண்ணு, எட்டாவது படிக்கிறவ. கண்ணு நல்ல துறுதுறு. ஆனா நடை சரியில்லை, காலை அகட்டி வச்சு மெதுவா வந்தா. முதல் மடிப்பு முடிஞ்சு கிட்ட வந்தவ, துணியைப் பார்த்துக்கிட்டே கேட்டா.

"டீச்சர், அம்மாகிட்ட சொல்லாம இருந்தா இன்னா ஆவும்?"

கேட்டாளே ஒரு கேள்வி! படம் பூரா நான் தொண்டை கிழியச் சொன்னதே முதல்ல அம்மா கிட்ட சொல்லுங்கன்னுதான். அதுக்கு முன்னாடி யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆபீசரம்மா பக்கத்து மூலையில நின்னுக்கிட்டிருந்தாங்க. திரும்பாம அவங்கதான் பேசினாங்க.

"சொன்னா என்ன ஆகும்?"

"ஸ்கூலு அவ்ளோதான். எங்க அக்காவுக்கு அப்படித்தான். குச்சு கட்டி ஒக்கார வச்சாங்க, சடங்கு பண்ணாங்க, அப்பறம் வூட்டுலயே குந்த வச்சுட்டாங்க. வெளிய வுடவேயில்ல."

குச்சுங்கிறது தென்னங்கீத்துல கட்டுற சின்னக் குடிசை. வயசுக்கு வந்த பொண்ணை அதுல தனியா உக்கார வைப்பாங்க. அதைக் கட்டுறது தாய்மாமனோட உரிமை. அதோட அந்தப் பகுதியில நிறையப் பொண்ணுங்களுக்குப் படிப்பு முடிஞ்சிடும். எட்டாவதுல பாதி பெஞ்சு காலியா இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

அடுத்த மடிப்புக்கு மூலையை வாங்கும்போது அவ விரல் என் விரல்ல பட்டது. கொதிச்சுது. நல்ல காய்ச்சல். நான் ஆபீசரம்மாவைப் பார்த்தேன், அவங்க கண்ணாலயே சரின்னாங்க. மத்தவங்களை அனுப்பிட்டு, பெஞ்சை ஒதுக்கித் தரச் சொல்ற சாக்குல அவளை மட்டும் நிறுத்தி வச்சுக்கிட்டோம்.

மெதுவா வந்தது விஷயம். அவ வயசுக்கு வந்து சில மாசம் ஆச்சு. யாருக்கும் தெரியாது. பழைய பாவாடையைக் கிழிச்சு வச்சுக்கிறா. அதைக் கடல் தண்ணியில அலசி, வலைக் கூடைக்கு அடியில ஒளிச்சு வைக்கிறா. அது காயறதே இல்லை. ஈரத்தோடவே எடுத்து வச்சுக்கிறா. தொடை பூரா புண்ணு, அதுல சீழ் வச்சுக் காய்ச்சல்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க இருந்த லேடி டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தாங்க. துணியை நல்ல தண்ணியில சோப்புப் போட்டுத் துவைச்சு, வெயில்ல காயப் போடணும், இல்லேன்னா புண்ணு ஆறாதுன்னு சொன்னாங்க. பிலோமினா எல்லாத்துக்கும் தலையாட்டினா. வெளியில வந்ததும் என் புடவையைப் புடிச்சுக்கிட்டா.

"வெயில்ல போட்டா அம்மா பாத்துடுமே டீச்சர்."

எனக்கு அழுகையே வந்துட்டுது. ஆறணும்னா வெயில் வேணும். வெயில்ல போட்டா படிப்பு போயிடும். பதிமூணு வயசுப் பொண்ணு இதை யார் கிட்டயும் சொல்லாம தனியாச் சுமந்துக்கிட்டு, கணக்குப் பரிட்சையும் எழுதியிருக்கா.

வேன்ல ஏறினதும் நான் படபடன்னு பேசினேன். நாமளே போய் அவங்கம்மா கிட்ட சொல்லிடலாம்மா, எடுத்துச் சொன்னா கேட்க மாட்டாங்களான்னேன்.

"நாம சொன்னா அது கோள். அவ நம்மளை நம்பித்தானே சொன்னா? அவ வாயாலதான் சொல்லணும்." அதோட நிறுத்திட்டாங்க. கேளம்பாக்கம் தாண்டியாச்சு. நாவலூர் கிட்ட வந்தோம். அப்போ அங்க ஒரு கண்ணாடிக் கட்டடம் கிடையாது, பனைமரமும் வயலும்தான். அங்க வச்சுத்தான் வாயைத் திறந்தாங்க.

"இத்தனை வருஷமா பொண்ணுங்க கிட்ட 'சொல்லு, சொல்லு'ன்னு சொல்லிட்டோம். கேக்குறவங்களை நாம தயார் பண்ணவே இல்லையே, மெகர். நாளைக்கு சாயங்காலம் கோவளத்துல அம்மாக்களுக்குப் போடுவோம்."

"ஆர்டர்ல ஸ்கூல்னு மட்டும்தானேங்கம்மா இருக்கு?"

"மேலேர்ந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ மெஷினைப் பாரு."

மறுநாள் மீன் ஏலம் போடுற இடத்துக்குப் பக்கத்து மணல்ல ரெண்டு கம்பு நட்டு, நடுவுல திரையைக் கட்டினோம். பெண்டுகளுக்கு மட்டும்னு ஊர்ல சொல்லியாச்சு. பொழுது சாயறப்போ பெண்கள் கூட்டம் சேர்ந்துடுச்சு. பிலோமினாவோட அம்மா சவேரியம்மா மீன் கூடையை இறக்கி வச்சுட்டு நடுவுல உக்காந்தாங்க. பலமான குரல், அவங்க பேசினா பக்கத்துக் குப்பத்துக்குக் கேட்கும். பிலோமினா கடைசி வரிசையில ஒடுங்கி உக்காந்திருந்தா. ஆம்பளைங்க எல்லாரும் திரைக்கு அந்தாண்ட, கட்டுமரத்துப் பக்கம் போயிட்டாங்க. வலை பின்னப் போறாங்களாம். ரொம்ப மரியாதைப்பட்டவங்கதான்னு நினைச்சுக்கிட்டேன்.

படம் ஓடுச்சு. அன்னைக்கு நான் சொன்ன தமிழ் பொண்ணுங்களுக்குச் சொல்ற தமிழ் இல்லை, அம்மாக்களுக்கு. படத்துல அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே மகளைக் கட்டிக்கிற இடம் வந்ததும், "பாருங்க, திட்டலை, அடிக்கலை, பையை எடுத்து மாட்டி விடுறாங்க. மறுநாளே பள்ளிக்கூடம்"னு அழுத்திச் சொன்னேன். கூட்டத்துல ஒரே சலசலப்பு. "ஐய, தீட்டோடவா?"ன்னு ஒரு குரல். "அவுங்க ஊர்ல தீட்டு இல்லியா?"ன்னு இன்னொரு குரல்.

முடிஞ்சதும் ஆபீசரம்மா பெட்ரோமாக்ஸை ஏத்தச் சொல்லிட்டு, வழக்கம் போலத் திரை மடிக்க ஆள் கூப்பிட்டாங்க. "அந்தக் கூடைக்காரம்மா வாங்க. கடைசியில உக்காந்திருக்கிற பொண்ணே, நீயும் வா." சவேரியம்மாவும் பிலோமினாவும் எதிரெதிர் மூலையில. நானும் ஆபீசரம்மாவும் மத்த ரெண்டு மூலையில. முதல் மடிப்பு, ரெண்டாவது மடிப்பு. தாயும் மகளும் துணியைப் புடிச்சுக்கிட்டே நடந்து வந்து முகத்துக்கு முகம் நின்னாங்க. பிலோமினா துணியைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

"எம்மா, எனக்கும் ஆயிட்டுது."

"இன்னாடி ஆயிட்டுது?"

"அதான். அந்தப் பொண்ணுக்கு ஆன மாதிரி. எப்பவோ ஆயிட்டுது."

சவேரியம்மா துணியை விட்டுட்டாங்க. "அடிப் பாவி! எங்கிட்ட சொல்லாம மறச்சுட்டியேடி! ஊரு கேட்டா இன்னா சொல்லுவேன்? இனிமே ஸ்கூலுமில்ல, ஒண்ணுமில்ல. டேய் சூசை! எங்கடா கீற?"

கூப்பிட்ட குரல் அடங்கல, அவங்க தம்பி சூசை எதிர்ல வந்து நிக்கிறாரு. கட்டுமரம் கிடந்த இடம் தூரம். இந்த மனுசன் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தார்னு எனக்கு அப்பவே உறைச்சது. பிலோமினா அழலை. மாமனையே பார்த்துக்கிட்டு நின்னா. அந்த ஆள் வாயிலேர்ந்து வர்ற வார்த்தைதான் அவ படிப்புன்னு அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆபீசரம்மா துணி மேல ஒட்டின மணலைத் தட்டிக்கிட்டே, ரொம்பச் சாதாரணமா, "நீங்கதான் மாமனா? பேரு என்ன?"ன்னாங்க.

"சூசைங்க."

"சடங்கு உங்க கையிலதானே இருக்கு, சூசை?"

"ஆமாங்க. குச்சு நான்தான் கட்டணும். அது என் உரிமை, அத வுட்டுத் தர மாட்டேன்."

"விட வேண்டாம். நல்லாக் கட்டுங்க. கட்டி, சடங்கும் முடிஞ்சதுக்கப்புறம்?"

சூசை தலையைச் சொறிஞ்சாரு. அக்காவைப் பார்த்தாரு, அக்கா மகளைப் பார்த்தாரு. "அப்பறம் இன்னா... ஸ்கூலுக்குப் போவட்டும். அந்த எடது கைப் பொண்ணு பையை மாட்டிகினு போவலியா?"

எனக்குப் புரியலை. படத்துல இடது கைப் பொண்ணு ஏது? அவ வட்டம் போட்டது வலது கையாலதானே? அப்புறம்தான் மண்டையில பளிச்சுன்னது. துணிக்கு அந்தப் பக்கம் உக்காந்து பார்த்தா வலது இடதாத் தெரியும். வலை பின்னப் போன அத்தனை பேரும் திரைக்குப் பின்னால மணல்ல உக்காந்து, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் லேடீஸ் ரீலைப் பார்த்திருக்காங்க!

பெண்களுக்கும் அதுக்குள்ள விளங்கிடுச்சு. "டேய், நீ எங்கேர்ந்துடா பாத்தே?"ன்னு சவேரியம்மா கேட்டாங்க பாருங்க, கடற்கரையே சிரிச்சுது. இருட்டுல மணல்லேர்ந்து நாலஞ்சு உருவம் எழுந்து கட்டுமரத்துப் பக்கம் நழுவுது. சூசைக்கு வெக்கம் புடுங்கித் தின்னுது. ஏகாம்பரம் அண்ணன் வேன் ஸ்டீயரிங்ல கவுந்து படுத்துச் சிரிக்கிறாரு. எனக்கும் அடக்க முடியலை. ஆபீசரம்மா மட்டும் முகம் மாறவே இல்லை.

"ஆமா, இடது கைதான். நல்லாக் கவனிச்சிருக்கீங்க. இவ்வளவு பேர் முன்னாடி மாமன் சொல்லியாச்சு, இனிமே மாற மாட்டாரு. சவேரியம்மா, அந்த மூலையை எடுங்க, மடிப்பை முடிச்சுடுவோம்."

சவேரியம்மா மூக்கைச் சிந்திட்டு மூலையை எடுத்தாங்க. அந்தக் கடைசி மடிப்புல மகளோட கையைப் புடிச்சவங்க, "ஐயோ, இன்னாடி இப்டி சுடுது!"ன்னு அவளை அப்படியே இழுத்து அணைச்சுக்கிட்டாங்க. எங்க படத்துல அந்த வெளிநாட்டு அம்மா கட்டிக்கிட்டதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

சூசை குச்சு கட்டினாரு, சீர் செஞ்சாரு, ரேடியோ செட் கட்டி அலற விட்டாரு. எல்லாம் முடிஞ்சதும் மருமகளைச் சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போய் பள்ளிக்கூட வாசல்ல இறக்கி விட்டாரு. புண்ணு ஆறிடுச்சு. பிலோமினா பன்னெண்டாவது வரைக்கும் படிச்சா. இன்னைக்கு கோவளத்துல சொந்தமாத் தையல் கடை வச்சிருக்கா, அவ பொண்ணு நாவலூர்ல கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்குது. மேலேர்ந்து ஆபீசரம்மாவை விளக்கம் கேட்டாங்க, அவங்களும் பதில் சொல்லிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் திறந்த வெளியில அம்மாக்களுக்கு ஒரு காட்சி போடுவோம். திரையைச் சுவரை ஒட்டி மட்டும் கட்டவே மாட்டோம். அந்தாண்ட ஆள் உக்கார நல்லா இடம் விட்டுத்தான் கட்டுவோம்.

இதைக் கேட்டுட்டு சங்கீதா விழுந்து விழுந்து சிரிச்சா. "வாங்க மேடம், நாளன்னிக்கு முடிச்சூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல படம் போடுறேன், கூட வாங்க"ன்னா. ஸ்கூட்டியில பின்னால உக்கார மாட்டேன், ஆட்டோ புக் பண்ணுன்னேன்.

வகுப்புல பெரிய டிவி. திரையும் இல்லை, மடிக்க ஒண்ணும் இல்லை. கார்ட்டூன் முடிஞ்சது, சங்கீதா கேட்டா, ஃபேன் சுத்துற சத்தம்தான் பதில். நான் தரையைப் பார்த்தேன். பொண்ணுங்க உக்காந்திருந்தது ஒரு பெரிய ஜமுக்காளம்.

"எழுந்திருங்கம்மா எல்லாரும். இதை மடிக்கணும். நீங்க ரெண்டு பேரும் அந்த மூலை. சங்கீதா, நீ இங்க வா."

முதல் மடிப்புலயே ஒருத்தி, "மிஸ், அந்த டைம்ல கபடி ஆடலாமா?"ன்னா. ஆடலாம்னேன். சுருக்கம்னு பிரிக்கச் சொன்னேன். ஊறுகாய் கேள்வியும் வந்தது, அது சாகவே சாகாது போல. "நான் வேலை பார்த்த காலம் பூரா தொட்டேன், எங்க வீட்டு எலுமிச்சை ஊறுகாயைச் சிட்லபாக்கம் பூரா கேட்டு வாங்குது"ன்னேன். கிளுகிளுன்னு சிரிப்பு. அப்போ எனக்கு எதிர்ல நின்ன பொண்ணு மூலையைக் கொடுக்கக் கிட்ட வந்தா. ஒடிசலா இருந்தா. கண்ணு ஜமுக்காளத்து மேல.

"மிஸ், வூட்ல சொல்லாம இருந்தா இன்னா ஆவும்?"

என் கை நின்னுடுச்சு. எத்தனையோ வருஷம் ஓடிப் போச்சு, வார்த்தை அப்படியே அதே வார்த்தை. நான் அவ முகத்தைப் பார்க்கலை.

"சொன்னா என்ன ஆகும்?"

"பேனர் வைப்பாங்க மிஸ். எங்க அக்காவுக்கு வச்சாங்க. கிரீடம் போட்டு, சிங்காசனத்துல ஒக்காந்த மாதிரி, ஸ்கூலுக்கு வர்ற ரோட்டுலயே. பசங்க எல்லாம் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டு ஓட்டுனாங்க. அக்கா அதோட ஸ்கூலுக்கு வர மாட்டேன்னுட்டா. நின்னுட்டா."

"பேனர் யார் வைக்கிறது?"

"எங்க மாமாவும் அவர் பிரெண்ட்ஸும்."

மூலையை வாங்கும்போது அவ விரலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லுன்னு இருந்தது. அல்லாவே, காய்ச்சல் இல்லைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். பயம்தான், அது மட்டும்தான். வேற ஒண்ணும் கேட்கலை.

"உங்க மாமா பேரு என்னம்மா?"

"சதீஷ்."

"நல்ல பேரு. இழுத்துப் புடி, இன்னும் ஒரு மடிப்பு இருக்கு."

வெளியில வந்ததும் சங்கீதா முகம் வாடிப் போச்சு. அவளும் கேட்டுட்டா. "என்ன மேடம் செய்யறது? அந்த மாமாவுக்குப் போன் போட்டுப் பேசட்டா?"

"போட்டா அது கோள். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா, அப்பா, கூடவே மாமாங்களும் கண்டிப்பா வரணும்னு ஹெச்.எம். கிட்ட சொல்லி அனுப்பச் சொல்லு. இதே படத்தைப் போடு. முடிஞ்சதும் பேனர் கதையை நான் பேசிக்கிறேன்."

"ஆம்பளைங்க வந்து உக்காருவாங்களா மேடம்?"

"அன்னைக்கே மணல்ல உக்காந்து பார்த்தவங்கதானே. இந்தத் தடவை முன் வரிசையில நாற்காலி போடு. வலது கை வலது கையாவே தெரியட்டும்."